அக்காவின் குட்டிக்கு வயதாகிவிட்டது

மின்சார ஆபீசில் அவருக்கு நல்லதாக ஒரு பெயர் இருந்தது. அதைச் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவர் ‘பைனாகுலர்’தான். வீடு வீடாகப் போய் மீட்டர் ரீடிங் எடுக்கிற மனுஷன் கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு திரிந்தால் பின்னே என்ன பெயர் வைப்பார்கள்? கேட்டுக்கு வெளியே நுனிக்காலில் நின்று, எதிர்வீட்டு மாடிப்படியில் ஏறி, சில சமயம் குப்பைத்தொட்டி மேல்கூட ஏறி, எப்படியாவது மீட்டரில் இருக்கிற எண்ணைப் படித்துவிடுவார். ஒரு எண் தப்பாகாது. நாய் இருக்கிற வீட்டுக்குள் போகச் சொன்னால் மட்டும் வேலையே வேண்டாம் என்பார்.

சிரிக்காதீர்கள். நாய்க்குப் பயந்தவனுக்கு நாயைப் பற்றித் தெரிகிற அளவு, மடியில் வைத்துக் கொஞ்சுகிறவனுக்குத் தெரியாது. பல் முளைக்கிற குட்டி ஷூ கயிற்றைப் பிடித்தால் விடாது. உதறினால் விளையாட்டு என்று நினைத்து இன்னும் இழுக்கும். ஒரு வயது, ஒன்றரை வயதானது மகா மோசம். உடம்பு வளர்ந்திருக்கும், புத்தி வந்திருக்காது, கண் மண் தெரியாமல் மேலே வந்து விழும். நாலைந்து வயதுக்காரர்கள் தேவலை. கேட் வரைக்கும் வந்து, குரைக்க வேண்டியதைக் குரைத்து, கடமை முடிந்தது என்று நிழலுக்குப் போய்விடுவார்கள். கிழடுகள்தான் ஆபத்து. குரைக்காது, எழுந்திருக்காது, செத்த மாதிரி கிடக்கும். கிட்டே போனதும் கெண்டைக்காலில் ஒரே கவ்வு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கிய அந்தத் தழும்பு அவருடைய இடது காலில் இன்னும் இருக்கிறது. அது ஏன் அப்படிக் கடித்தது என்று அவர் யோசித்ததே கிடையாது. கடிபட்டவன் காரணமா யோசிப்பான்?

இப்பேர்ப்பட்ட மனுஷன் தலையில்தான் அக்காவின் கிழட்டு நாய் வந்து விழுந்தது.

அக்கா துணி தைத்துக் கொடுப்பவள். புருஷன் போய்விட்டார், ஒரே மகன் வேறு ஊரில் வேலையில் இருக்கிறான். வீட்டில் அவளும் தையல் மிஷினும் ஒரு நாயும்தான். உள்ளங்கையில் அடங்குகிற அளவில் வந்தபோது ‘குட்டி’ என்று கூப்பிட ஆரம்பித்தது, முகமெல்லாம் நரைத்த பிறகும் குட்டியாகவே இருந்தது. தம்பிக்குக் கல்யாணம் ஆகவில்லை. இரண்டு தெரு தள்ளி, கீழ்த்தளத்தில் ஒற்றை அறை எடுத்துத் தங்கியிருந்தார். லீவு நாளில் அக்காவைப் பார்க்க வருவார். குட்டியைப் பின்பக்கம் கட்டிய பிறகுதான் வாசல்படி ஏறுவார். ஒரே ரத்தம், ஆனால் நாய் விஷயத்தில் இருவரும் வேறு வேறு ஜாதகம்.

ஒருநாள் சாயங்காலம் அக்கா விழுந்துவிட்டாள். குளியலறையில் வழுக்கியது என்றாள். இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனது. நடக்கப் பழகும் வரைக்கும் சில வாரம் ஆஸ்பத்திரியிலேயே இருக்க வேண்டும் என்றார்கள். கட்டிலில் படுத்தபடி அவள் முதலில் கேட்டது தன் இடுப்பைப் பற்றி இல்லை.

“குட்டிக்கு யார்டா இருக்கா?”

“எதிர்வீட்டு வேன்காரர்கிட்ட சொல்லியிருக்கேன்க்கா. அவர் பாத்துக்குவார்.”

“அவர் காலையில போனா ராத்திரிதான் வருவார். நீ போய் வீட்ல இருடா. எனக்காக.”

“அக்கா, என்னை வேற என்ன வேணா கேளு. கிட்னி வேணுமா, தரேன்.”

“உன் கிட்னிய வச்சு நான் என்ன பண்றது? அது பாவம்டா, தனியா இருந்ததே இல்ல. நான் திரும்பி வரும்போது அது உசுரோட இருக்கணும். அவ்வளவுதான்.”

அவள் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டதைப் பார்த்ததும் பைனாகுலர் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தார்.

அன்றைக்கே ஏற்பாடுகளைத் தொடங்கினார். ஹாலில் இருந்த சோபாவை இழுத்து நடுவில் போட்டார். அதற்கு முட்டுக் கொடுத்துச் சாப்பாட்டு மேஜை, மேஜைக்குப் பக்கத்தில் கவிழ்த்த நாற்காலிகள். அந்தப் பக்கம் குட்டியின் ராஜ்யம், இந்தப் பக்கம் அவருடையது. குட்டியின் படுக்கை சமையலறை வாசலில் கிடந்தது. அதைத் துடைப்பத்தால் தள்ளித் தள்ளிப் பின்கதவு ஓரம் கொண்டுபோனார். தண்ணீர்க் கிண்ணத்தையும் சாப்பாட்டுத் தட்டையும் மேஜைக்கடியில் துடைப்பத்தாலேயே தள்ளிவிட வசதியாக வேறு மூலைக்கு மாற்றினார். குட்டி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இதையெல்லாம் பார்த்தபடி நின்றது. பார்த்ததா, எங்கே பார்த்தது என்று தெரியாதபடி கண்ணில் நீலம் பூத்திருந்தது.

“சாப்பிடுங்க,” என்றார் அவர். பயத்தில் நாய்க்கு மரியாதை போட்டுப் பேசுவது அவருடைய பழக்கம். “அக்கா சீக்கிரம் வந்துடுவா. நீங்க உங்க பக்கம் இருங்க, நான் என் பக்கம் இருக்கேன். நமக்குள்ள பிரச்சினையே வேண்டாம்.”

பிரச்சினை மறுநாளே வந்தது. தட்டில் வைத்தது வைத்தபடி இருந்தது. தண்ணீர் குறையவில்லை. குட்டி நடுக்கூடத்தில் ஒன்றுக்குப் போயிருந்தது. அதோடு விட்டதா? சுவரோரமாக நடக்கும், சோபாவில் மோதும், நிற்கும், திரும்பி வந்து மறுபடி அதே இடத்தில் மோதும். பிறகு மூலையில் போய், சுவரைப் பார்த்தபடி, மூக்கு சுவரில் இடிக்க நின்றுவிடும். யாரோ எதிரே நிற்கிற மாதிரி உறுமும். அங்கே சுண்ணாம்பைத் தவிர ஒன்றுமில்லை. அதைப் பார்த்ததும் பைனாகுலர் அக்காவின் படுக்கையறைக்குள் போய்த் தாழ் போட்டு, தாழுக்குமேல் நாற்காலி வைத்து, நாற்காலிக்குமேல் தன் பையை வைத்தார். பை எதற்கு என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.

எதிர்வீட்டு வேன்காரர் நல்லவர்தான். வாயை மட்டும் வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார். கேட்டுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துவிட்டு, “தண்ணி குடிக்கலையா?” என்றார்.

“சொட்டு குடிக்கல.”

“எச்சில் ஒழுகுதா?”

“ஒழுகுதுங்க. ஒரு பக்கமா.”

“சுவத்தைப் பாத்து உறுமுதுன்னு வேற சொல்றீங்க.” வேன்காரர் ஒரு அடி பின்னால் போனார். “நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. தண்ணிய வெறுத்து எச்சில் ஒழுகுச்சுன்னா, அது வெறிங்க. எங்க சித்தப்பா வீட்ல இப்படித்தான்.”

சித்தப்பா வீட்டில் என்ன நடந்தது என்று பைனாகுலர் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் இல்லை. உள்ளே வந்து அக்கா மகனுக்குப் போன் போட்டார். இரண்டு தடவை தப்பான ஆளுக்குப் போனது.

“மாமா, எதுக்கு ரிஸ்க்?” என்றான் அவன். “வயசாயிடுச்சு, கஷ்டப்படுது. டாக்டர வரச் சொல்லி ஊசி போட்டு முடிச்சிடுங்க. அம்மாகிட்ட, தூக்கத்துலயே போயிடுச்சுன்னு சொல்லிக்கலாம்.”

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் அவருக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ஒரு ஊசி. அத்தோடு தாழ், நாற்காலி, பை எல்லாம் முடிந்தது. அக்காவின் முகம் நினைவுக்கு வந்தபோது, ‘அவளையும் கடிச்சு வச்சா?’ என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டார். பயந்தவனுக்கு நியாயம் கிடைக்காமலா போகும்?

கால்நடை டாக்டர் சின்னப் பெண். பொறுமை கொஞ்சம் கம்மி. பையை வாசலில் வைத்துவிட்டு, தரையில் காலைத் தட்டித் தட்டி நடந்து, நேரே மேஜையைத் தாண்டிக் குட்டியிடம் போனாள். புறங்கையை மூக்குக்கு நேரே நீட்டினாள். பைனாகுலர் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று, கதவிடுக்கில் ஒரு கண்ணை வைத்திருந்தார்.

“மேடம், கிட்டப் போகாதீங்க, வெறி மேடம்!”

“வெறியாவது கறியாவது. வருஷா வருஷம் தடுப்பூசி போட்டது நான்தான். இங்க வந்து தலையப் பிடிங்க.”

“நான் இங்கேயே இருக்கேனே.”

அவள் குட்டியின் உதட்டை விரலால் தூக்கினாள். குட்டி வீலென்று கத்தியது. அந்த மாதிரிச் சத்தத்தை அவர் நாயிடம் கேட்டதில்லை. குரைப்பு தெரியும், உறுமல் தெரியும், இது வேறு. குழந்தை கத்துவது போல இருந்தது.

“பல்லு அழுகி சீழ் வச்சிருக்கு. எச்சில் ஒழுகாம என்ன செய்யும்? தண்ணி பட்டாலே உசுரு போற வலி. உங்களுக்கு இப்படி இருந்தா நீங்க இந்நேரம் என்னையே கடிச்சிருப்பீங்க.” அவள் குட்டியின் பின்னால் போய்ப் பலமாகக் கைதட்டினாள். குட்டி திரும்பவில்லை. “காது போச்சு. கண்ணும் முக்காவாசி போச்சு. இப்ப வயசு என்ன ஆச்சு?”

“பதினாலும்பா அக்கா.” ரீடிங் எடுக்கிற மூளை தானாகப் பெருக்கியது. “அப்ப ஏழால பெருக்கினா தொண்ணூத்தெட்டு.”

“இந்த ஏழால பெருக்கற கணக்க எவன் கண்டுபிடிச்சானோ! முதல் வருஷத்துலயே நாய் பள்ளிக்கூடம் முடிச்சிடும். ரெண்டாவது வருஷத்துல கல்யாண வயசு. அப்புறம்தான் மெதுவா ஏறும். பெரிய நாய்ங்க சீக்கிரம் கிழமாகும், சின்னதுங்க மெதுவா. இவன் நடுத்தரம். எழுபத்தஞ்சு, எண்பது வச்சுக்குங்க. அந்த வயசுல மனுஷங்களுக்கு நினைவு தப்புதில்ல? இவனுக்கும் லேசா தப்ப ஆரம்பிச்சிருக்கு. ராத்திரியில நடப்பான், மூலையில நிப்பான்.” சொல்லிக்கொண்டே நிமிர்ந்தவள் சோபாவைப் பார்த்தாள், மேஜையைப் பார்த்தாள், கவிழ்ந்து கிடந்த நாற்காலிகளைப் பார்த்தாள். “இதெல்லாம் எப்பவும் இப்படித்தான் இருக்குமா?”

“இல்ல. நான்தான், ஒரு பாதுகாப்புக்கு...”

“யாருக்குப் பாதுகாப்பு? கண்ணு தெரியாதவன் இந்த வீட்ட மனப்பாடம் பண்ணி வச்சிருந்தான். படுக்கையிலிருந்து இத்தனை எட்டுல தண்ணி, இத்தனை எட்டுல பின்கதவுன்னு. நீங்க ஒரே நாள்ல வீட்டையே பிடுங்கிட்டீங்க. பாவம், சொந்த வீட்டுலயே தொலைஞ்சு போய் நிக்கறான்.”

பைனாகுலர் கதவைவிட்டு வெளியே வந்தார். மூலையில் முட்டிக்கொண்டு நின்றது, உறுமியது, ஒன்றுக்குப் போனது எல்லாம் வரிசையாக மனதில் வந்தது. கடிக்க வருகிறது என்று நினைத்தாரே, அது வழி தேடிக்கொண்டிருந்திருக்கிறது. அவருக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

“ஊசி போடச் சொல்லித்தான் உங்களைக் கூப்பிட்டேன்,” என்றார் மெல்ல.

“தெரியும். பயந்து போய்க் கூப்பிடறவங்க எல்லாரும் அதைத்தான் கேப்பாங்க. போடணும்னா போடலாம், தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா முதல்ல வலியத் தீர்த்துப் பாப்போம். அப்புறமும் வாழ்க்கையே கஷ்டம்னு தெரிஞ்சா, அப்பக் கூப்பிடுங்க. நானே வரேன்.”

சோபா பழைய இடத்துக்குப் போனது. படுக்கையும் கிண்ணமும் இருந்த இடத்தில் தரையில் தடம் இருந்தது, அதன்படி வைத்தார். வழுக்காமல் இருக்கக் கால்மிதிகளை வரிசையாக விரித்தார். எலும்புக்கு வலிக்காமல் படுக்கையில் இன்னொரு மெத்தைத் துண்டு போட்டார். கோழியும் சோறும் குழைய வேகவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நாலு வேளை கொடுத்தார். மருமகப்பெண் மாமியாருக்குச் செய்வதைவிட அதிகமாகச் செய்தார் என்று வேன்காரர் கிண்டலடித்தார். செய்தாரே தவிர, பயம் போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். மாத்திரையை வாய்க்குள் வைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது அவருக்குத் தலை சுற்றியது. ஈரப்பிசுக்கான அந்த வாய்க்குள் விரலை விடுகிற ஒவ்வொரு தடவையும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, “கொஞ்சம் பொறுத்துக்குங்க, தயவுசெஞ்சு பொறுத்துக்குங்க” என்று முனகுவார். விரலை எடுத்த பிறகு எண்ணிப் பார்த்துக்கொள்வார்.

பல்லைப் பிடுங்கப் போகிற அன்றைக்கு அவருக்கு வேறொரு பயம் வந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, மயக்க மருந்தைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்றாள் டாக்டர். வேன்காரரின் வண்டியில் போர்வை போட்டுக் கொண்டுபோய் உள்ளே விட்டுவிட்டு, கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்தார். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. நாய் சத்தம் போடாமல் இருந்தால் சந்தோஷப்படுகிற ஆள்தானே இவர்? அன்றைக்கு அந்த அமைதியைத் தாங்க முடியவில்லை. ‘ஒரு தடவ உறுமுங்களேன்’ என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தார். கதவைத் திறந்து, “முடிஞ்சது, முழிச்சுட்டான்” என்று டாக்டர் சொன்னதும், பெரிய மனுஷன் என்றுகூடப் பார்க்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வலி போனதும் குட்டி தின்ன ஆரம்பித்தது. தண்ணீர் குடித்தது. பின்கதவுக்குத் தானாகப் போய் வந்தது. எப்போதாவது மூலையில் நிற்கும். அவர் அதிர்வு தெரியும்படி தரையைத் தட்டிவிட்டு, முன்னால் போய்க் கையை நீட்டுவார், மோந்துவிட்டுத் திரும்பும். ஆஸ்பத்திரிக்குப் போய் அக்காவிடம் எல்லாவற்றையும் கதை கதையாகச் சொல்வார். அவள் சிரிப்பாள். நடக்கவும் பழகிவிட்டாள். இன்னும் சில நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்றார்கள். எல்லாம் நல்லபடியாக முடியப்போகிறது என்று நினைத்தார்.

அன்றைக்குப் பொழுது சாய்கிற நேரம் கரன்ட் போனது. மின்சார ஆபீஸ்காரன் இருக்கிற வீடென்றால் கரன்டுக்குத் தெரியுமா? குளியலறையிலிருந்து கையால் சுவரைத் தடவிக்கொண்டு நடையில் வந்தார். கால் எதிலோ இடித்தது. வீல் என்று ஒரு சத்தம். அடுத்த நொடி உடம்பு முன்னால் பறந்தது. தையல் மிஷின் கைக்கு அகப்பட்டதால் பிழைத்தார். குட்டி நடையின் குறுக்கே, குளிர்ச்சியான தரையைத் தேடிப் படுத்திருந்தது. அவர் வருகிற சத்தம் அதற்குக் கேட்கவில்லை. அது கிடப்பது அவருக்குத் தெரியவில்லை.

மிஷினைப் பிடித்தபடியே நின்றார். ‘பாசேஜ்ல குறுக்க கெடந்தாங்க, நான்தான் தூக்கினேன்’ என்று அக்கா விழுந்த அன்றைக்கே வேன்காரர் சொன்னது இப்போதுதான் உறைத்தது. அக்கா எல்லோரிடமும் சொன்னது குளியலறையில் வழுக்கியது என்று. குளியலறையில் வழுக்கியவள் நடையில் எப்படிக் கிடப்பாள்?

மறுநாள் அக்காவின் கட்டிலருகே உட்கார்ந்து, நர்ஸ் போகும்வரை காத்திருந்து கேட்டார். “நீ வழுக்கி விழலதானேக்கா?”

அவள் முகம் வெளுத்துப் போனது. “யார் சொன்னா?”

“யாரும் சொல்லல. நேத்து நானே விழப் பாத்தேன்.”

அக்கா அவருடைய கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். “என் பையன்கிட்ட சொல்லிடாதடா. தெரிஞ்சா அன்னிக்கே முடிச்சிடுவான். அது மேல தப்பே இல்ல. அதுக்குக் கண்ணு தெரியல, நான்தான் விளக்கப் போடாம வந்தேன்.”

“சரி, நான் சொல்லல. ஆனா மறுபடியும் விழுந்தா?”

அவள் பிடித்திருந்த கையை மெல்ல விட்டாள். அவர் வீட்டுக்கு வந்து குட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தபோது இரண்டு பயமும் சேர்ந்து அமுக்கின. குட்டியை இங்கேயே விட்டால் அக்கா விழுவாள். அக்காவைக் காப்பாற்றினால் குட்டி போய்விடும். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அக்காவை அழைத்துவர மகன் வந்தான். கைப்பிடி போட்ட நடைச்சட்டத்தை ஊன்றி, அடிமேல் அடி வைத்து, அவள் வாசலுக்குள் நுழைந்தாள். குட்டி படுக்கையிலிருந்து தலையைத் தூக்கியது. மூக்கு வேலை செய்தது. அவ்வளவுதான், விழுந்தடித்து எழுந்து, கோணல்மாணலாக, வாலை ஆட்டிக்கொண்டு நேரே அவளிடம் போனது. சட்டத்தின் கால்களுக்கு இடையில் தலையை விட்டு, அவள் பாதத்தில் முகத்தைத் தேய்த்தது. சட்டம் சாய்ந்தது. அக்கா “ஐயோ!” என்று அலறினாள். மகன் ஒரு பக்கமும் தம்பி ஒரு பக்கமும் பாய்ந்து தாங்கியதால் தப்பினாள்.

அவளை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவள் எங்கே போனாள் என்று குட்டி தரையெல்லாம் மோந்து தேடிக்கொண்டிருந்தது. அது கிட்டே வந்தபோது அக்கா தன் காலை மேலே இழுத்துக்கொண்டாள். இழுத்துக்கொண்டதை அவளே பார்த்தாள். பைனாகுலருக்கு அந்த அசைவு நன்றாகத் தெரியும். வாழ்நாளெல்லாம் அவர் செய்தது.

“இதுக்குத்தான் மாமா அப்பவே சொன்னேன்,” என்றான் மகன். கோபமில்லை, அவனும் பயந்துதான் போயிருந்தான். “இன்னொரு தடவ விழுந்தா எழுந்திருக்கவே முடியாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்.”

அக்கா சுவரைப் பார்த்தபடி சொன்னாள். “ஊசி போட்டுடலாம்டா. எனக்கு... எனக்கு பயமா இருக்கு.” சொல்லிவிட்டு, முகத்தை மூடிக்கொண்டு விம்மி விம்மி அழுதாள்.

“ஊசி எல்லாம் வேண்டாம். நான் கூட்டிட்டுப் போறேன்.”

சொன்னது யார் என்று மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மூன்று பேர் என்றேனே, பைனாகுலரும் சேர்த்துத்தான். வாயிலிருந்து வந்துவிட்டது, இனி விழுங்கவா முடியும்?

“நீயா?” என்றாள் அக்கா.

“நான்தான். என்ன இப்போ?”

கண் தெரியாத நாய்க்குப் புது இடம் காடு மாதிரி என்று கால்நடை டாக்டர் எச்சரித்திருந்தாள். ஆகவே முதலில் தன் அறைக்குப் போய், கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு, கையையும் காலையும் ஊன்றித் தரையில் தவழ்ந்தார். கட்டில் முனை நெற்றியில் இடித்தது; அதற்குத் துணி சுற்றினார். வாளி மூக்கில் இடித்தது. அதைத் தூக்கி மேலே வைத்தார். சாமான் எடுத்து வந்த வேன்காரர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, ஒரு கேள்வியும் கேட்காமல் மூடினார். அக்கா வீட்டில் இருந்த மாதிரியே படுக்கைக்கு வலப்பக்கம் கிண்ணம், நேரே கதவு. படுக்கைமேல் அக்காவின் பழைய புடவை.

எல்லாம் செய்தும் என்ன? உள்ளே விட்டதும் குட்டி நடுங்கியது. நாலு காலும் நடுங்கியது. இரண்டு அடி வைத்தது, வேறு வாசனை, வேறு தரை, நின்றுவிட்டது. பிறகு போய் மூலையில் ஒண்டிக்கொண்டது. அவர் தரையைத் தட்டிவிட்டுக் கிட்டே போனார். உறுமியது. இவ்வளவு நாளில் இல்லாத உறுமல். அவருக்கு எழுந்து ஓடலாம் போல இருந்தது. ஓடவில்லை. கை எட்டும் தூரத்தில், தரையில் உட்கார்ந்தார்.

“பயப்படாதீங்க,” என்றார். காது கேட்காது என்று தெரிந்தும் சொன்னார். யாருக்குச் சொன்னாரோ!

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அக்கா போன் செய்தாள்.

“குட்டி என்னடா பண்றான்?”

“பயந்து போயிருக்கார்க்கா.”

“நீ?”

“நானும்தான்.”

“சாப்பிட்டானா?”

“இன்னும் இல்ல. முன்னல்லாம் கடிச்சிடுவாரோன்னு பயம். இப்ப சாப்பிடாம விட்டுடுவாரோன்னு பயமா இருக்கு.”

அக்கா மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. “போன அவன்கிட்ட வையேன்.”

“அக்கா, அவருக்குக் காது கேக்காது.”

“எனக்குக் கேக்கும்லடா. அவன் மூச்சு எனக்குக் கேக்கட்டும். மூக்குகிட்ட வை.”

அவர் போனைப் பிடித்த கையை மூலைக்குள் நீட்டினார். குட்டி மறுபடி உறுமியது, பல் தெரிந்தது. கையை இழுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். வெதுவெதுப்பான மூச்சு விரலில் பட்டது, ஈரமான மூக்கு பட்டது, மோந்தது, நெடுநேரம் மோந்தது. உறுமல் மெல்ல அடங்கி, மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது. கை மரத்துப் போனது. அக்கா போனை வைக்கவில்லை. அவரும் கையை எடுக்கவில்லை.